‘எல்லாம் டிரைவ்ல இருக்கு’

லேப்டாப் பழுதுபார்க்கும் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். மெஷினைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் நிமிராமலே கேட்பார்: “ஃபார்மேட் போட்டுடலாமா? உள்ள டேட்டா எதுவும் வேணுமா?” ஒரு காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் வந்தவர் முகம் வெளுக்கும். இப்போது அப்படியில்லை. “எல்லாம் டிரைவ்ல இருக்குங்க, நீங்க போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு, எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விசாரிக்கிறார்கள்.

அந்தப் பதில் இன்று பொதுக்கருத்து. வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு பேக்கப் மென்பொருள் வேண்டும் என்று யாராவது சொன்னால், ஃபிளாப்பி காலத்து ஆசாமி என்று பார்க்கிறார்கள். போட்டோ கூகுளில் இருக்கிறது, ஆவணங்கள் ஒன்டிரைவில் இருக்கின்றன, மற்றதெல்லாம் மெயிலில் கிடக்கின்றன. பிறகு எதற்கு ஒரு ஹார்டு டிஸ்க், அதற்கு ஒரு மென்பொருள், அதற்கு ஒரு பாஸ்வேர்டு? அப்படியும் விடாமல் கேட்பவர்களுக்கு “நல்ல சாஃப்ட்வேர் எது?” என்ற பட்டியல் ஒன்று நீட்டப்படும். அதில் முதலிடத்தில் இருப்பதைப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது.

இரண்டு பதில்களும் தப்பு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: பேக்கப் என்றால் எடுத்து வைப்பது என்ற நினைப்பு. திரும்ப எடுக்கிற அன்று என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி இரண்டுமே பேசுவதில்லை.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். ஹார்டு டிஸ்க் சாகும் என்ற பயத்துக்கு கிளவுட் சரியான மருந்து. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்குகளின் கணக்கை வெளிப்படையாக அச்சிடுகிறது. 2023இல் அவற்றில் பழுதான விகிதம் 1.40 சதவீதம். குளிரூட்டிய அறையில், ஆட்டம் அசைவில்லாமல் ஓடும் டிஸ்குகளுக்கே இந்தக் கணக்கு. அங்கே ஒரு டிஸ்க் செத்தால் அதில் இருந்தது வேறு டிஸ்குகளிலிருந்து மீண்டும் அமைக்கப்படும். வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் பையோடு பஸ்ஸில் குலுங்கிவரும் லேப்டாப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதுவரைக்கும் டிரைவ்காரர்கள் சொல்வது சரி.

ஆனால், வீட்டில் கோப்புகள் தொலைவதற்கு டிஸ்க் சாவது மட்டுமா காரணம்? மனிதர் அழிக்கிறார், தப்பாகத் திருத்திச் சேமிக்கிறார், வைரஸ் பூட்டுகிறது, அக்கவுன்ட் முடங்குகிறது. இந்த நான்கில் முதல் மூன்றை கிளவுட் தடுப்பதில்லை. உண்மையுள்ள வேலைக்காரனைப் போல மறுமுனைக்கும் எடுத்துச் செல்கிறது. நான்காவது கிளவுடாலேயே வருவது.

கிளவுட் செய்வது சிங்க். அதன் வேலை ஒன்றுதான். இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். போனில் இடம் இல்லை என்று மகன் ஒரு சுற்று படங்களை அழித்தால், கூகுள் போட்டோஸ் அதை எல்லா இடத்திலும் அழிக்கும். குப்பைக்கூடையில் 60 நாள் கிடக்கும். டிரைவ் கோப்பு என்றால் 30 நாள். அதற்குள் யாராவது தேடினால் உண்டு. ஆனால் பத்து வருஷத்துக்கு முந்தைய வளைகாப்புப் படத்தை யார் மாதாமாதம் தேடுகிறார்கள்? இல்லை என்பது தெரிவதற்கே ஒரு வருஷம் ஆகும்.

அழிப்பதாவது கண்ணுக்குத் தெரியும். திருத்துவது தெரியாது. எக்செல்லில் வீட்டுக்கணக்கு வைத்திருப்பவர் ஒரு பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்திவிட்டு, பக்கத்துப் பத்தியை விட்டுவிட்டுச் சேமிக்கிறார். பால்காரர் கணக்கு பேப்பர்காரர் பெயரில் ஏறிவிடுகிறது. கோப்பு இருக்கிறது, திறக்கிறது, பெயரும் அதே. டிரைவில் சாதாரணக் கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாளோ 100 பதிப்போ வரைதான் நிற்கும். ஏப்ரலில் செய்த தப்பை வருமான வரிக்காக ஜூலையில் திறந்து பார்ப்பவருக்கு மார்ச் மாதப் பதிப்பு அங்கே இல்லை.

மூன்றாவது, பூட்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் குறிவைத்து அடித்த ரான்சம்வேர்களில் ஸ்டாப் எனவும் டிஜாவு எனவும் சொல்லப்படும் குடும்பம் பேர்போனது. பெரிய கம்பெனிகளை அது தேடிப் போவதில்லை. கிராக் செய்த போட்டோ எடிட்டர், விளையாட்டு, ஆஃபீஸ் ஆகியவற்றோடு சேர்ந்து வரும். வந்தவுடன் விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் நிழல் நகல்களை அழித்துவிட்டு, கோப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, வால்பெயரை மாற்றிவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம் வைக்கும்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர். எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவசச் சாவி தந்தது. அதற்குப்பின் வந்த வகைகள் பெரும்பாலும் அந்தச் சாவிக்கு அசையவில்லை.

சிங்க் மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்? கோப்பு மாறியிருக்கிறது, மாறியதை மேலே ஏற்றுவது அதன் கடமை. பூட்டிய கோப்புகளைச் சிரத்தையாக ஏற்றிவிட்டு, பச்சை டிக் போட்டு உட்கார்ந்துவிடும். பணம் கட்டி வாங்கும் சில கிளவுட் திட்டங்களில் மொத்தமாகப் பின்னோக்கிச் செல்லும் வசதி உண்டு. அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான். இலவச 15 ஜிபியில் காலத்தை ஓட்டுபவர் பல ஆயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாக வலது கிளிக் செய்து பழைய பதிப்புக்குத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இந்தக் குழப்பத்துக்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சொல்லையே மாற்றிவைத்திருக்கிறார்கள். புதிய விண்டோஸ் லேப்டாப்பை முதன்முதலாகத் திறக்கும்போது, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ‘பேக்கப்’ செய்யட்டுமா என்று ஒன்டிரைவ் கேட்கும். சரி என்று அழுத்தினால் உண்மையில் நடப்பது குடிபெயர்ப்பு. அந்த மூன்று ஃபோல்டர்களும் ஒன்டிரைவின் வளாகத்துக்குள் போய் உட்காருகின்றன. இலவச இடம் 5 ஜிபி. நிறைந்த அன்று ஏற்றுவது நின்றுபோகும். ‘வேண்டாம், நிறுத்து’ என்று அதே பொத்தானைத் திருப்பினால், பல பதிப்புகளில் டெஸ்க்டாப் வெறுமையாகிவிடும். ‘என் கோப்புகள் எங்கே’ என்ற பெயரில் ஒரு குறுக்குவழி மட்டும் மிஞ்சும். பேக்கப்பை நிறுத்தினால் மூலக்கோப்பு கண்ணிலிருந்து மறைகிறது என்றால், அது எந்த ஊர்ப் பேக்கப்?

இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒன்டிரைவ் ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகளின் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் தெரியும். பச்சை வட்டத்துக்குள் டிக் இருந்தால் கோப்பு டிஸ்கில் இருக்கிறது. நீலக் கோட்டில் மேகம் இருந்தால் இல்லை. அங்கே நிற்பது பெயர்ப்பலகை மட்டும். டிஸ்கில் இடம் மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. கடைக்காரர் அந்த டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் சொருகினாலும் மேகக் குறி போட்ட கோப்பு வராது. ஆப்பிளிலும் இதே கதை உண்டு. ஐகிளவுடில் ‘இடத்தை மிச்சப்படுத்து’ என்று வைத்திருந்தால், முழு அளவுப் படங்கள் பல மேக் கம்ப்யூட்டரில் இல்லாமல் போகலாம். மேக்கின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் தினமும் ஓடினாலும் இல்லாததை அதனால் எடுக்க முடியாது. ஆக, மூன்று இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பப் படம் உண்மையில் ஒரே இடத்தில், இன்னொருவர் வீட்டில் இருக்கிறது.

அந்த இன்னொருவர் பெரிய ஆள், விழமாட்டார் என்பது அடுத்த வாதம். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலியைப் பயன்படுத்திய சிலருடைய கோப்புகள் காணாமல் போயின. மாதக்கணக்கிலான வேலை போய்விட்டது என்று புகார்கள் குவிந்தன. கூகுள் முதலில் சொன்ன அறிவுரை, அக்கவுன்டைத் துண்டிக்காதீர்கள், செயலியின் தரவு ஃபோல்டரைத் தொடாதீர்கள் என்பது. டிசம்பரில் மீட்புக் கருவியோடு புதிய பதிப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சிறுபகுதியினர்தான். அந்தச் சிறுபகுதியில் யார் இருப்பார் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2024 மே மாதம், ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் தனி கிளவுட் சந்தாவை, ஒரு அமைப்புப் பிழையால், கூகுள் கிளவுட் அழித்துவிட்டது. இரண்டு ஊர்களில் நகல் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த பேக்கப் மீண்டு எழ உதவியது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் எரிந்தது; 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை. இதில் கசப்பான விஷயம், அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் ஜி-டிரைவில் போடுங்கள் என்பதுதான் ஊழியர்களுக்கு முன்பு சொல்லப்பட்டிருந்தது.

தீயும் பிழையும் அபூர்வம். அக்கவுன்ட் முடங்குவது அவ்வளவு அபூர்வமல்ல. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, குழந்தைக்கு வந்த நோய்த்தொற்றை மருத்துவருக்குக் காட்ட 2021இல் போனில் படம் எடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தை வதைப் படம் என்று முடிவுகட்டி அக்கவுன்டை மூடியது. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்றது. அக்கவுன்ட் திரும்பவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2022 ஆகஸ்டில் எழுதியது. பல வருஷத்து மெயில், தொடர்புகள், மகனின் முதல் வருஷப் படங்கள் எல்லாம் போயின. மேல்முறையீடு செய்யக் கதவு இருந்தது. உள்ளே பேச ஆள் இல்லை.

இந்தத் திகில் நமக்கு எதற்கு என்பவர்களுக்குச் சாதாரணமான ஒன்று: இரண்டு வருஷம் தொடாத தனிநபர் அக்கவுன்டை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. அப்பா காலமாகிறார். அவருடைய போனில் லாக். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. சடங்கு, வாரிசுச் சான்றிதழ், பேங்க் என்று அலைந்துவிட்டு, அவர் எடுத்த படங்களைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு வருஷம் ஓடியிருக்கும்.

சரி, கிளவுட் வேண்டாம், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, பொங்கலுக்குப் பொங்கல் இழுத்துப் போட்டுவிடுகிறோம் என்று இன்னொரு கட்சி கிளம்பும். மென்பொருள் வேண்டாம், கையே போதும் என்பது இவர்கள் வாதம். கைக்கு ஞாபகமறதி உண்டு. எதைப் போட்டோம், எதை விட்டோம் என்பதும் கைக்குத் தெரியாது. ‘போட்டோஸ் புதுசு’, ‘போட்டோஸ் புதுசு 2’, ‘ஃபைனல்’ என்று டிஸ்க் முழுக்க ஃபோல்டர்கள் பெருகும். எது எதற்குள் அடக்கம் என்று பார்க்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். பழைய பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டும். எச்சரிக்கை வரும், ‘ஸ்கிப்’ என்று அழுத்திவிட்டுப் போனவர் அதை அடுத்த பொங்கலுக்குள் மறந்திருப்பார்.

அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்பதும் கேள்விதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மேஜைக்குக் கீழே சிபியு, மேஜை டிராயரில் பேக்கப் டிஸ்க் என்று வைத்திருந்தால் தண்ணீர் இரண்டுக்கும் வேறுபாடு பார்க்காது. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதற்குத்தான்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இந்தக் கணக்கில் கிளவுடுக்கு இடம் உண்டு. மூன்றில் ஒன்றாக அது இருக்கலாம். மூன்றுமாக இருக்க முடியாது.

இனி, பட்டியல்காரர்கள். ‘டாப் டென்’ பட்டியல்கள் வேகம், விலை, எத்தனை ஜிபி, திரை அழகு என்று நட்சத்திரம் போடுகின்றன. அவற்றில் வருஷக்கணக்காகப் பாராட்டப்பட்ட கிராஷ்பிளான், வீட்டு வாடிக்கையாளர்களுக்கான சேவையை மூடப்போவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்து, 2018 அக்டோபரில் மூடியது. இலவச மென்பொருளில் சிறந்தது என்று பலர் கைகாட்டிய மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றது. மைக்ரோசாஃப்டே விதிவிலக்கல்ல. எக்ஸ்பி காலத்தில் அது தந்த என்டிபேக்கப், பிகேஎஃப் என்ற தனி வடிவத்தில் சேமித்தது. அடுத்து வந்த விஸ்டாவில் அந்த மென்பொருள் இல்லை. எக்ஸ்பியில் ஒழுங்காகப் பேக்கப் எடுத்துவிட்டு விஸ்டாவுக்கு மாறியவர் தன் கோப்பைத் திறக்க முடியாமல் நின்றார். திறக்க மட்டும் ஒரு கருவியை மைக்ரோசாஃப்ட் பிறகு தனியாக வெளியிட வேண்டிவந்தது.

எந்தப் பட்டியலும் கேட்காத கேள்வி இங்கேதான் இருக்கிறது. இந்த மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டரில், இந்த நிறுவனம் இல்லாத காலத்தில், உள்ளே வைத்ததை எப்படி வெளியே எடுப்பது?

கோப்பு எடுத்துவைப்பதில் கைதேர்ந்தவர்களுக்கே இந்தக் கேள்வி பாடம் கற்பித்திருக்கிறது. கிட்லேப் என்ற நிறுவனம் உலகத்து மென்பொருளாளர்களின் நிரல்களைப் பாதுகாக்கும் தொழிலில் இருப்பது. 2017 ஜனவரி 31 இரவு, அதன் பொறியாளர் ஒருவர் களைத்த நிலையில், வேறொரு சர்வரில் இருப்பதாக நினைத்து, முக்கிய சர்வரின் தரவுத்தளத்தை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. கவலையில்லை, ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தினசரி நகல் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது; மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் நகல் எடுப்பது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் அனுப்பப்பட்டன. மெயில் பாதுகாப்புச் சோதனையில் அவை தள்ளுபடியாகி யாரையும் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு அந்தப் பொறியாளரே தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

கிட்லேப் இதையெல்லாம் ஒளிக்காமல் வெளியிட்டது அதன் பெருமை. அதில் வீட்டுக்காரருக்கான விஷயம், அங்கே இருந்த மென்பொருள் ஒன்றுகூட மட்டமானதல்ல என்பது. அவற்றிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, தேர்வை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, நகல் எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பது. விண்டோஸ் 8இலிருந்து கூடவே வரும் ஃபைல் ஹிஸ்டரி பழைய பாணிதான். விண்டோஸ் 11இல் அதைக் கண்ட்ரோல் பேனலுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அது வைக்கும் நகல் சாதாரணக் கோப்பு. பெயருக்குப் பின்னால் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். டிஸ்கை எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் படிக்கலாம். பட்டியல்கள் இதற்கு நட்சத்திரம் தருவதில்லை. மேக்கில் டைம் மெஷின் 2007இலிருந்து இருக்கிறது. கடந்த ஒரு நாளுக்கு மணிக்கொன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன் வாரத்துக்கொன்று என்று டிஸ்க் நிறையும்வரை பதிப்புகளை வைத்திருக்கும். டிஸ்கைச் சொருகினால் போதும், தானாக ஓடும்.

கம்ப்யூட்டர் மொத்தமாகப் படுத்தால் விண்டோஸ், புரோகிராம்கள் உட்பட அப்படியே திரும்ப வேண்டும் என்பவருக்கு முழு டிஸ்க் நகல் தேவை. வீம் நிறுவனத்தின் இலவச ஏஜென்ட் அதைச் செய்யும். பென்டிரைவிலிருந்து மெஷினைத் தொடங்க ஒரு மீட்பு ஊடகமும் செய்துதரும். அந்தப் பென்டிரைவை முதல் நாளே செய்து, அதிலிருந்து ஒருமுறை மெஷினைத் தொடங்கிப் பார்க்காதவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்கு ரெஸ்டிக், கோபியா போன்ற திறமூல மென்பொருள்கள் உண்டு. மாறிய பகுதியை மட்டும் எடுக்கும், பழைய பதிப்புகளை வைத்திருக்கும், எல்லாவற்றையும் பூட்டியே வைக்கும். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டு தொலைந்தால் கோப்பும் தொலைந்தது. அதை அவர்களே தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். லினக்ஸ்காரர்கள் டைம்ஷிஃப்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது தனிக் கதை. அது இயங்குதளத்தைக் காப்பதற்கானது. சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தானாகச் சேர்க்காது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டியல்கள் எதிலும் இது வராது. ‘தாத்தாவின் சதாபிஷேகம் திருக்கடையூர் குடும்பப் புகைப்படங்கள்’ என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கு 31 எழுத்து, 4 இடைவெளி. யூனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 55 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். இடைவெளிகளைச் சேர்த்தால் 169 பைட். விண்டோஸ் டிஸ்கில் இந்தப் பெயர் சிரமமில்லாமல் நிற்கும். சினாலஜி நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டியில் பூட்டிய பகிர்வு ஃபோல்டருக்கு நகல் எடுத்தால் நிற்காது. அங்கே ஒரு பெயருக்கு ஆங்கிலத்தில் 143 எழுத்துதான், நம் எழுத்துகளில் 47 குறிகளோடு சரி. சாதாரண லினக்ஸ் டிஸ்கில் எல்லை 255 பைட், அதாவது சுமார் 85 தமிழ்க் குறிகள். எல்லையை மீறிய பெயர் என்றால் மென்பொருள் அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போய்விடும்; அறிக்கையின் அடியில் ‘1 தவறவிடப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும்.

பழைய எழுத்துருக் கோப்புகள் வேறு. பாமினியிலும் வானவில்லிலும் அடித்த கவிதைத் தொகுப்பு, பேஜ்மேக்கரில் செய்த பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் எல்லாம் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. கோப்பு பத்திரமாகத் திரும்பும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். எழுத்துரு, விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்ததால் பேக்கப்பில் வரவில்லை. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காக்கும் எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது. எழுத்துருக் கோப்பையும் பக்கத்தில் போட்டு வைக்க வேண்டும். முடிந்தால் ஒரு பிடிஎஃப் நகலும்.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்பது கடைசி ஆட்சேபம். கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நகல் ஓர் இரவு ஓடும். அதன்பின் மாறியது மட்டும் போவதால் சில நிமிஷம். டிஸ்குக்கான செலவு, ஒரே தடவை சில ஆயிரம் ரூபாய். செத்த டிஸ்கிலிருந்து கோப்பு மீட்கும் கடையில் ஒருமுறை கொடுப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். எஸ்எஸ்டி வந்தபின் அழிந்த கோப்பை அந்தக் கடையாலும் பெரும்பாலும் மீட்க முடிவதில்லை. அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு தானே துடைத்துவிடுகிறது. பேக்கப் டிஸ்க், வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்பட வேண்டும். சொருகியே கிடந்தால் ரான்சம்வேருக்கு அதுவும் இன்னொரு ஃபோல்டர்தான். இரண்டாவது டிஸ்க் வாங்க முடிந்தால் அக்கா வீட்டில் வைத்துவிட்டு, ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்மணி நேரச் சோதனை போதும். டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, மூன்று கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும்: போன வாரம் திருத்திய ஒன்று, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒன்று, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒன்று. பெயர் நீளமான தமிழ் ஃபோல்டர் ஒன்றும் இருக்கட்டும். மூன்றும் திறக்கின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வீடியோவை நடுவில் தள்ளி ஓட்டிப் பார்ப்பது நல்லது. அரைகுறையாக நகலான வீடியோவும் தொடக்கத்தில் அழகாகத்தான் ஓடும்.

இதில் சாவிகள் மட்டும் காகிதத்தில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு தொடங்கும் புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. போர்டு பழுதாகி டிஸ்கை வேறு மெஷினில் சொருகினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டுக்குள் இருக்கும். அக்கவுன்டின் பாஸ்வேர்டு, படுத்துவிட்ட லேப்டாப்பின் பிரவுசருக்குள் இருக்கும். 48 இலக்கத்தையும், பேக்கப் மென்பொருளின் பாஸ்வேர்டையும் பேனாவால் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, அது அங்கே இருப்பதாக வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவைத்துவிட்டால், “டேட்டா வேணுமா?” என்று கடைக்காரர் கேட்கும்போது அந்தக் கவரைத் திறந்து படிக்க ஓர் ஆள் இருப்பார்.